எல்.எல்.சி. பதிவது அரை மணி நேரம், ஒப்பந்தம் எழுதுவதுதான் வேலை

அமெரிக்காவில் ஒரு எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனம்) தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மாநில அரசின் இணையதளத்துக்குப் போ, பெயரைத் தட்டு, கிரெடிட் கார்டைப் போடு, முடிந்தது என்பார்கள். பொய்யில்லை. பல மாநிலங்களில் அது அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் மாநிலம் உங்களிடம் கேட்காமல் விடுபவைதான் முக்கியமானவை. யாருக்கு எவ்வளவு பங்கு, லாபத்தை எப்போது பிரிப்பது, வங்கிக் கடனுக்கு யார் கையெழுத்துப் போடலாம், ஒருவர் விலகினால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது, ஒருவர் இறந்துபோனால் அவருடைய மனைவியோ கணவனோ மறுநாள் முதல் உங்கள் பங்காளியா?

இதற்கெல்லாம் பதில் சொல்லும் ஆவணத்துக்கு ஆபரேட்டிங் அக்ரிமென்ட் என்று பெயர். தமிழில் இயக்க ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தொடங்கப் போனால் வங்கி ஒருவேளை கேட்கும். மற்றபடி சண்டை வரும் நாள்வரை அதை யாரும் கேட்பதில்லை. கேட்கும் நாளில் எழுதவும் முடியாது.

முதல் முறை நிறுவனம் தொடங்குகிறவர், வக்கீலிடம் போவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய வீட்டுப்பாடம் இது. வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொறுப்புக்கு ஒரு வரம்பு

எல்.எல்.சி. என்பது 'லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி' என்பதன் சுருக்கம். நிறுவனம் பட்ட கடன் நிறுவனத்தோடு நிற்கும் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் 20,000 டாலர் போட்டிருக்கிறீர்கள், தொழில் மூழ்கிவிட்டது என்றால் அந்த 20,000 போகும். உங்கள் வீடும் சேமிப்பும் தப்பும். எதையும் பதியாமல் இரண்டு பேர் சேர்ந்து தொழில் செய்தால் சட்டம் அவர்களைப் பொதுக் கூட்டாளிகளாகப் பார்க்கும். அங்கே இந்தத் தடுப்பு கிடையாது. கூட்டாளி வாங்கிய கடனுக்கு உங்கள் சொந்தச் சேமிப்பும் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே தடுப்பு கார்ப்பரேஷனிலும் உண்டு. பிறகு எதற்கு எல்.எல்.சி. என்றால், வரிக்காக. கார்ப்பரேஷன் முதலில் தன் லாபத்துக்கு மத்திய அரசுக்கு வரி கட்டும். 2018 முதல் அது 21 சதவீதம். மீதியை டிவிடெண்டாகப் பிரித்தால் வாங்குகிறவர் மறுபடி வரி கட்டுவார். கூட்டாண்மையில் அந்த இரட்டை வரி இல்லை, ஆனால் தடுப்பும் இல்லை. இரண்டு நன்மையையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள முடியுமா என்று பார்த்தது ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற எண்ணெய் நிறுவனம். லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'லிமிடாடா' என்ற வடிவம் இருந்தது. பனாமாவில் அதைப் பயன்படுத்திய பழக்கத்தில் அமெரிக்காவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று முயன்றார்கள். அலாஸ்காவில் மசோதா நிறைவேறவில்லை. 1977இல் வயோமிங் மாநிலம் முதல் எல்.எல்.சி. சட்டத்தை இயற்றியது. ஐந்து வருடம் கழித்து ஃப்ளோரிடா பின்தொடர்ந்தது. மற்ற மாநிலங்கள் அசையவில்லை, ஏனென்றால் வரித்துறை இந்தப் புது விலங்கை எப்படி நடத்தப் போகிறது என்று தெரியவில்லை. 1988இல் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்., வயோமிங் எல்.எல்.சி.யைக் கூட்டாண்மையாகவே பார்ப்போம் என்று அறிவித்தது. கதவு திறந்தது; பத்து வருடத்துக்குள் எல்லா மாநிலங்களிலும் எல்.எல்.சி. சட்டம் வந்துவிட்டது.

எண்ணெய் நிறுவனத்தின் வரிக்கணக்கில் பிறந்த குழந்தை இது என்பதை நினைவில் வைத்தால் பல விஷயங்கள் புரியும். இதன் சட்டம் வளைந்து கொடுக்கும்படி எழுதப்பட்டது. கார்ப்பரேஷன் சட்டம் 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று கட்டளையிடும் பல இடங்களில், எல்.எல்.சி. சட்டம் 'நீங்கள் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் இப்படி' என்று மட்டும் சொல்லும். ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு அதிகபட்ச மதிப்புக் கொடுப்பதே தன் கொள்கை என்று டெலவேர் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சுதந்திரம் நல்லதுதான். எழுதாதவருக்குத்தான் ஆபத்து.

தடுப்பைப் பற்றி இன்னொன்று. அது எல்லாவற்றையும் தடுக்காது. நீங்களே வண்டி ஓட்டி ஒருவரை இடித்தால், நீங்களே கவனக்குறைவாக வேலை செய்து ஒருவருக்கு நஷ்டம் வைத்தால், உங்கள் தவறுக்கு நீங்கள் பொறுப்பு. நிறுவனத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது, அதற்குத்தான் காப்பீடு. புது நிறுவனத்துக்கு வங்கி கடன் கொடுத்தால் அநேகமாக உங்கள் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்கும். அதில் கையெழுத்திட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை தடுப்பை நீங்களே திறந்துவிட்டீர்கள். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் செலவழித்தால், அந்த முடிவை எடுத்தவரைத் தனிப்பட்ட முறையில் ஐ.ஆர்.எஸ். பிடிக்கும். இந்த மூன்றையும் சொல்லாமல் 'எல்.எல்.சி. இருந்தால் உங்கள் சொத்துக்கு ஒன்றும் ஆகாது' என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம்.

எந்த மாநிலம், எவ்வளவு பணம்

மத்திய அரசு எல்.எல்.சி.யைப் பதிவதில்லை, ஐம்பது மாநிலங்களும் தனித்தனியாகப் பதிகின்றன. இங்கேதான் 'டெலவேரில் பதியுங்கள், வயோமிங்கில் பதியுங்கள்' என்ற அறிவுரை மழை தொடங்கும். வெளி முதலீட்டாளரைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு டெலவேர் பொருந்தும். அங்கே வணிக வழக்குகளுக்கென்று பழுத்த நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் நீங்கள் டெக்சாஸில் குடியிருந்து, டெக்சாஸில் கடை வைத்து, டெக்சாஸ் வாடிக்கையாளருக்கு விற்கிறீர்கள் என்றால், டெலவேரில் பதிந்த நிறுவனத்தை டெக்சாஸிலும் 'வெளிமாநில எல்.எல்.சி.' என்று மறுபடி பதிய வேண்டும். இரண்டு இடத்திலும் கட்டணம், இரண்டு இடத்திலும் ஏஜென்ட், வருமான வரியிலோ மிச்சம் இல்லை. என் கருத்தில், சிறு தொழிலுக்கு நீங்கள் தொழில் செய்கிற மாநிலமே சரி.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் பதிவுக்கு 70 டாலர்தான், ஆனால் ஒரு காசு வருமானம் இல்லாவிட்டாலும் வருடம் 800 டாலர் வரி கட்ட வேண்டும். டெக்சாஸில் பதிவுக்கு 300, மாசச்சூசெட்ஸில் 500. டெலவேரில் ஒவ்வொரு ஜூன் 1க்குள் 300 டாலர் ஆண்டு வரி. நியூயார்க்கில் விசித்திரமான ஒரு சடங்கு இருக்கிறது: பதிந்த 120 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் ஆறு வாரம் தொடர்ந்து விளம்பரம் கொடுக்க வேண்டும். எந்த கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) என்பதைப் பொறுத்து அதற்கே ஆயிரம் டாலரைத் தாண்டலாம். இணையத்தில் பதியும் யுகத்தில் இது யாருக்கு உதவுகிறது என்றால், செய்தித்தாள்களுக்கு.

பதிவுப் பத்திரத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆர்ட்டிக்கிள்ஸ் ஆஃப் ஆர்கனைசேஷன் என்று பெயர். டெலவேரிலும் டெக்சாஸிலும் சர்டிஃபிகேட் ஆஃப் ஃபார்மேஷன். அதில் கேட்பது கொஞ்சம்தான். நிறுவனத்தின் பெயர், அதன் முடிவில் எல்.எல்.சி. என்றோ அதன் விரிவோ. ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட் யார், அவருடைய முகவரி என்ன. பல மாநிலங்களில், நிர்வாகம் உறுப்பினர் கையிலா (எல்.எல்.சி.யின் உரிமையாளரை உறுப்பினர் என்பார்கள்) மேனேஜர் கையிலா என்பதும். டெலவேரில் உறுப்பினர் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட் என்பவர் நீதிமன்ற நோட்டீஸை நிறுவனத்தின் சார்பில் வாங்கிக்கொள்கிறவர். அந்த மாநிலத்துக்குள் உண்மையான தெரு முகவரி வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. நீங்களே ஏஜென்டாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு முகவரி பொதுப் பதிவேட்டில் ஏறும், நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் நோட்டீஸ் வந்தால் வழக்கு உங்களுக்குத் தெரியாமலே போகும். வருடத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு இதைச் செய்யும் நிறுவனங்கள் நிறைய உண்டு.

பத்திரம் பதிவானதும் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் ஈ.ஐ.என். வாங்க வேண்டும். நிறுவனத்தின் வரி எண் அது. ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் அது இலவசம். தேடலில் முதலில் வருகிற தனியார் தளங்கள் இதற்குப் பணம் வாங்கும், கொடுக்காதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத வெளிநாட்டவர் எஸ்.எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்பலாம். பதிந்த சில வாரத்தில் அரசு முத்திரை மாதிரி ஏதோ அச்சிட்ட கடிதங்கள் வேறு வரும்: 'உங்கள் நிறுவனத்தின் சான்றிதழுக்கு உடனே பணம் அனுப்பவும்.' உங்கள் விவரம் பொதுப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து அனுப்புகிறவர்கள் அவர்கள். சின்ன எழுத்தில் 'நாங்கள் அரசு நிறுவனம் இல்லை' என்றிருக்கும். குப்பையில் போடலாம்.

அமெரிக்காவிலிருந்து படிக்கிற தமிழர்களில் பலர் ஹெச்-1பி விசாவில் இருப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. எல்.எல்.சி.க்கு உரிமையாளராக இருப்பது ஒன்று, அதில் உழைப்பது வேறு. முதலாவதற்கு விசா தடையில்லை, இரண்டாவதற்கு அனுமதி வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். அமெரிக்காவில் வசிக்காத ஒருவர் தனி உரிமையாளராக எல்.எல்.சி. வைத்திருந்தால், படிவம் 5472ஐ வருடாவருடம் தாக்கல் செய்ய வேண்டிவரும். தவறினால் அபராதம் 25,000 டாலரில் தொடங்குகிறது. வருமானமே இல்லாத நிறுவனத்துக்கு 25,000 டாலர் அபராதம் என்பது கேலிக்கூத்தாகத் தெரியும், ஆனால் சட்டம் அதுதான்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டு நண்பர்கள். ஒருவர் 90,000 டாலர் போடுகிறார். மற்றவர் 10,000 போட்டுவிட்டு, முழு நேரமும் தொழிலைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு. நம் ஊரில் காலங்காலமாக உள்ள ஏற்பாடுதான். பதிவுப் பத்திரம் மட்டும் போட்டார்கள், இயக்க ஒப்பந்தம் எழுதவில்லை. வருட முடிவில் 60,000 டாலர் பிரிக்க இருக்கிறது.

டெலவேரில் பதிந்திருந்தால், ஒப்பந்தம் இல்லாதபோது, போட்ட முதலின் மதிப்புப்படிப் பிரியும்: 54,000, 6,000. நாள் முழுக்க உழைத்தவர் கையில் ஆறாயிரம். மாநிலங்களுக்கு மாதிரியாக 2006இல் தயாரிக்கப்பட்ட சீர்மைச் சட்டத்தின் வாசகப்படியோ, உறுப்பினருக்குத் தலைக்குச் சமம்: ஆளுக்கு 30,000. தொண்ணூறாயிரம் போட்டவருக்கு இது அநியாயமாகத் தெரியும். அந்த மாதிரியை ஏற்ற மாநிலங்கள் பல. சில இந்த இடத்தைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டுமிருக்கின்றன. அதே இருவர், அதே தொழில், அதே லாபம். மாநில எல்லையைத் தாண்டினால் கணக்கே மாறுகிறது. இரண்டில் எதுவுமே அவர்கள் மனதில் வைத்திருந்த ஏற்பாடு இல்லை.

'நாங்கள் வாயால் பேசிக்கொண்டோமே' என்றால், பல மாநிலங்களில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். அதுதான் பிரச்சினையே. யார் என்ன பேசினார்கள் என்று நிரூபிக்க இருவரும் பழைய வாட்ஸ்ஆப் செய்திகளைத் தோண்டுவார்கள். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று சொல்லி வைத்தவர்கள் நாம். எழுதச் சொன்னால் மட்டும் 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்று முகம் சுருங்கிவிடும். நம்பிக்கை இருக்கும்போதுதான் எழுத முடியும். அது போன பிறகு ஒரு வரியில்கூட இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள்.

ஒப்பந்தத்துக்குள்

முதல் பக்கங்களில் வழக்கமானவை இருக்கும்: பெயர், நோக்கம், அலுவலக முகவரி. வேகமாகக் கடந்துவிடலாம். நோக்கத்தை மட்டும் ரொம்பக் குறுக்காதீர்கள். 'சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலும்' என்பது போதும்.

அடுத்து முதல். யார் எவ்வளவு போட்டார், பணமாகவா, பொருளாகவா, உழைப்பாகவா. ஒவ்வொருவருக்கும் ஒரு மூலதனக் கணக்கு இருக்கும். போட்டது ஏறும், லாபத்தின் பங்கு ஏறும், எடுத்தது இறங்கும், நஷ்டம் இறங்கும். இங்கே ஒரு வரிப் பள்ளம் இருக்கிறது. ஒருவர் ஒரு லட்சம் டாலர் போட்டு, உழைப்புக்காரருக்கு முதல் நாளே பாதி உரிமையை எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அன்று சாயங்காலமே நிறுவனத்தைக் கலைத்தால் உழைப்புக்காரருக்கு 50,000 கிடைக்கும் என்றால், அந்த 50,000ஐ அவருடைய அந்த வருட வருமானமாக வரித்துறை பார்க்கும். கையில் ஒரு டாலர் வராமல் வரி. இதைத் தவிர்க்க, கலைக்கும்போது போட்ட பணம் முதலில் அதைப் போட்டவருக்குத் திரும்பும், அதற்கு மேல் வளர்ந்ததில்தான் பாதிப் பாதி என்று எழுதுவார்கள். வருங்கால லாபத்தில் மட்டும் கிடைக்கும் இந்த உரிமைக்கு ப்ராஃபிட்ஸ் இன்ட்ரஸ்ட் என்று பெயர். வக்கீலிடம் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

உழைப்புக்காரர் ஆறே மாதத்தில் போய்விட்டால் என்ன செய்வது என்பதும் இங்கேதான். அவர் பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு பரவலானது.

நிறுவனத்துக்கு மறுபடி பணம் தேவைப்பட்டால்? ஒருவர் போடத் தயார், மற்றவரிடம் இல்லை. போடாதவரின் சதவீதம் குறையுமா, போட்டது கடனாகக் கணக்கில் வருமா, கடனென்றால் வட்டி எவ்வளவு? எனக்குக் கடன் முறைதான் பிடிக்கும். பணமில்லாத நேரத்தில் பங்கும் குறைந்தால் மனக்கசப்பு இரட்டிப்பாகும்.

லாபப் பிரிவினையில் பலர் தவறவிடும் ஒரு வரி உண்டு. சாதாரண எல்.எல்.சி. தானே வருமான வரி கட்டாது. ஒரே உறுப்பினர் என்றால் அவருடைய சொந்த வரிக் கணக்கில், தொழில் லாபத்தைக் காட்டும் ஷெட்யூல் சி-யில் ஏறும். இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் நிறுவனம் மார்ச் 15க்குள் கூட்டாண்மைக்கான படிவம் 1065 தாக்கல் செய்து, அவரவர் பங்கைக் காட்டும் கே-1 என்ற தாளை ஆளுக்கொன்று கொடுக்கும். அந்தக் கே-1இல் இருப்பது உங்கள் பங்கு லாபம். உங்கள் கைக்கு வந்த பணம் இல்லை. நிறுவனம் ஒரு லட்சம் லாபம் பார்த்து, அதைக் கடன் அசலை அடைக்கவும் சரக்கு வாங்கி அடுக்கவும் போட்டுவிட்டால், ஆளுக்கு 50,000க்கு வரி கட்ட வேண்டும், பாக்கெட்டில் பூஜ்யம். அதனால் 'ஒவ்வொரு வருடமும் வரி கட்டும் தேதிக்கு முன், லாபப் பங்கில் இத்தனை சதவீதம் உறுப்பினருக்குக் கட்டாயம் கொடுக்கப்படும்' என்று ஒரு வாசகம் வேண்டும். நிர்வாகம் பெரும்பங்குக்காரர் கையில் இருந்து நீங்கள் சிறுபங்குக்காரர் என்றால், அந்த வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாதீர்கள்.

யார் முடிவெடுப்பது என்பதில் இரண்டு வழி. உறுப்பினர் எல்லோரும் நடத்துவது ஒன்று, மேனேஜரை நியமித்து அவர் நடத்துவது இன்னொன்று. முதல் வகையில் எந்த உறுப்பினரும் நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிடக் கூடும் என்பதை மறக்கக் கூடாது. எந்த வகையானாலும் அன்றாட முடிவுகளையும் பெரிய முடிவுகளையும் பிரித்து எழுதுங்கள். பேனா வாங்க ஓட்டெடுப்பு வேண்டாம். கடன் வாங்க, புது உறுப்பினரைச் சேர்க்க, நிறுவனத்தை விற்க, தனக்குத் தானே சம்பளத்தை உயர்த்திக்கொள்ள எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்பது போல. 'இத்தனை டாலருக்கு மேல் செலவென்றால் இரண்டு கையெழுத்து' என்ற ஒரே வரி பல வீட்டுச் சண்டைகளை நிறுத்தும்.

ஐம்பதுக்கு ஐம்பது என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஒரு விஷயத்தில் இருவரும் எதிரெதிராக நின்றால் எதுவும் நகராது. ஒப்பந்தத்தில் வழி இல்லையென்றால் கடைசியில் நீதிமன்றம்தான், அதுவும் 'இந்தத் தொழிலை இனி நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை' என்று காட்டி நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லும் வழக்கு. அதற்கு முன் சில படிகள் வைக்கலாம். முதலில் மத்தியஸ்தர். அதுவும் பலிக்காவிட்டால் ஒருவர் மற்றவரை வாங்கிக்கொள்வது. அண்ணன் பண்டத்தைப் பாதியாக வெட்ட, தம்பி முதலில் எடுத்துக்கொள்வது போன்ற ஒரு முறை இருக்கிறது: ஒருவர் விலை சொல்வார், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் தீர்மானிப்பார். அழகான முறை, ஆனால் இருவரிடமும் பணம் இருந்தால் மட்டும். ஒருவருக்கு வசதி குறைவென்று தெரிந்தால், வசதிக்காரர் அடிமாட்டு விலை சொல்லி அவரை வெளியேற்றிவிடுவார். முதல் போட்டவரும் உழைப்புப் போட்டவரும் சேர்ந்த நிறுவனத்தில் இதை வைக்கவே கூடாது என்பேன்.

பிரிவைப் பற்றிய பக்கங்கள்தான் ஒப்பந்தத்தின் உயிர். மரணம், விவாகரத்து, நிரந்தர உடல்குறைவு, திவால், சும்மா மனம் மாறிப்போவது, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். எல்.எல்.சி. சட்டங்களில் பொதுவாக உள்ள கொள்கை, உங்கள் கூட்டாளியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. எனவே ஒருவர் தன் பங்கை விற்றாலும், இறந்து வாரிசுக்குப் போனாலும், வாங்கியவருக்குப் பணத்தில் பங்கு மட்டும் வரும். மற்றவர்கள் சம்மதிக்காமல் ஓட்டுரிமை வராது. உயிரோடிருக்கும் பங்காளிக்கு இது பாதுகாப்பு. இறந்தவர் குடும்பத்துக்கு? லாபத்தைப் பிரிக்கலாமா என்பதை முடிவு செய்பவர் இன்னொருவர், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் சுருங்கிவிடும். கணவர் பத்து வருடம் கட்டிய தொழிலில் மனைவிக்குக் கிடைப்பது, எப்போது வரும் என்று தெரியாத ஒரு பங்கு. ஒப்பந்தம் எழுதும்போது நீங்கள் பிழைத்திருப்பவர் இடத்தில் மட்டும் நின்று பார்க்காதீர்கள். போய்ச் சேர்ந்தவர் வீட்டிலும் ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

வழக்கமான தீர்வு, இறந்தவரின் பங்கை நிறுவனமோ மற்றவர்களோ வாங்கிக்கொள்வது. விலை எப்படி? புத்தக மதிப்பு என்று எழுதினால் நல்ல பெயரெடுத்த தொழிலுக்கு அது சல்லிக்காசு. மதிப்பீட்டாளரை வைத்தால் செலவு, தாமதம். வருடா வருடம் உட்கார்ந்து ஒரு விலையை எழுதி வைத்துக்கொள்வோம் என்பார்கள். முதல் வருடம் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் 'எழுதிய விலை 18 மாதத்துக்கு மேல் பழையதானால் மதிப்பீட்டாளர்' என்று இரண்டையும் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். பணத்தை ஒரே தவணையில் கொடுத்தால் நிறுவனமே படுத்துவிடும். ஐந்து வருடத் தவணையில் வட்டியோடு என்பார்கள், அல்லது ஒருவர் பெயரில் மற்றவர் ஆயுள் காப்பீடு எடுத்து வைத்திருப்பார்கள்.

கடைசியாகக் கடமைகள். நிறுவனத்துக்கு வந்த வாய்ப்பைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது போன்ற விசுவாசக் கடமைகள் மேனேஜருக்கு உண்டு. டெலவேரில் ஒப்பந்தத்தின் மூலம் அவற்றை முழுக்க நீக்கிவிட முடியும். நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற அடிப்படையை மட்டும் நீக்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் சிலவற்றில் அந்த நீக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மாதிரிகளைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். தனி ஆள் நிறுவனத்துக்கு அவை போதும். இரண்டு பேர் என்றால், எழுதிக் கொடுக்கும் வக்கீல் யாருக்கு வக்கீல் என்று முதலில் கேளுங்கள். இருவருக்கும் ஒருவரே என்றால் ஒருவருக்காவது குறை வரும். இன்னொரு பொறி: வரிச் சலுகைக்காக படிவம் 2553 போட்டு எஸ்-கார்ப்பரேஷனாக (இரட்டை வரி இல்லாத ஒரு கார்ப்பரேஷன் வகை) வரி கட்டும் எல்.எல்.சி.கள் நிறைய. எஸ்-கார்ப்பில் எல்லோருடைய பங்குக்கும் ஒரே மாதிரி உரிமை இருக்க வேண்டும். கூட்டாண்மை வரிக்கு எழுதிய மாதிரியை அப்படியே நகலெடுத்தால், ஒருவருக்கு முதலில் பணம் திரும்பும் என்ற வாசகமே அந்த அந்தஸ்துக்கு வேட்டு வைக்கலாம். கணக்காளரும் வக்கீலும் ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டால் நடப்பது இதுதான்.

ஒரே ஆள் என்றாலும்

'நான் மட்டும்தானே, யாரோடு ஒப்பந்தம்?' நியாயமான கேள்வி. நியூயார்க் மாநிலம் எழுத்துவடிவ ஒப்பந்தத்தைச் சட்டப்படியே கேட்கிறது என்பது ஒரு பதில். உண்மையான பதில் வேறு. நீங்கள் மயங்கி விழுந்தால் சம்பளச் செக்கில் யார் கையெழுத்துப் போடுவது? டெலவேரில் ஒரே உறுப்பினர் இறந்து, அவருடைய சொத்துப் பொறுப்பாளர் 90 நாளுக்குள் தொடரச் சம்மதிக்காவிட்டால், ஒப்பந்தம் வேறு வழி சொல்லாதபோது நிறுவனம் கலையும். அடுத்த மேனேஜர் யார் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் குடும்பம் தவிக்காது.

தனி ஆள் நிறுவனத்தில் தடுப்பும் மெலிது. 2010இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், தனி உறுப்பினர் எல்.எல்.சி.யில் அவருக்குள்ள உரிமை முழுவதையும் அவருடைய சொந்தக் கடனுக்காக ஒப்படைக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. கூட்டாளிகள் இருந்திருந்தால் கடன் கொடுத்தவர் பொதுவாக லாபப் பங்கீட்டில் மட்டுமே கை வைக்க முடியும். அதற்கு எட்டு வருடம் முன், எல்.எல்.சி. பிறந்த வயோமிங்கிலேயே, கார்ப்பரேஷன் திரையைக் கிழிப்பது போல எல்.எல்.சி. திரையையும் நீதிமன்றம் கிழிக்கலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரை என்பது உங்களையும் நிறுவனத்தையும் பிரிக்கும் அந்தத் தடுப்புதான். அது எப்போது கிழியும் என்றால், நீங்களே அதை மதிக்காதபோது. நிறுவனக் கார்டில் வீட்டு மளிகை, வீட்டுக் கணக்கிலிருந்து நிறுவன வாடகை, கடிதங்களில் வெறும் உங்கள் பெயர்.

அதனால் பதிந்த மறுநாளே தனி வங்கிக் கணக்கு. கையெழுத்துப் போடும்போது மேலே நிறுவனத்தின் பெயர், கீழே உங்கள் பெயர், பக்கத்தில் 'மேனேஜர்' அல்லது 'உறுப்பினர்'. பணம் எடுத்தால் அது பங்கீடா, கடனா, செலவுத் தொகையா என்று ஒரு வரிக் குறிப்பு. மாநிலம் கேட்கும் ஆண்டறிக்கையைத் தேதிக்குள் போட வேண்டும். ஃப்ளோரிடாவில் மே 1 தாண்டினால் 400 டாலர் தாமதக் கட்டணம். அதையும் விட்டால் நிறுவனத்தையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். உண்மையான உரிமையாளர் யார் என்று மத்திய அரசுக்குத் தெரிவிக்கும் விதி 2024இல் அமலுக்கு வந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்காவில் பதிந்த நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் இன்னும் அது கட்டாயம் என்றிருக்கும்.

இயக்க ஒப்பந்தத்தை மாநிலத்தில் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அதன் ஒரே இருப்பிடம் உங்கள் அலமாரிதான். கையெழுத்தான பிரதி ஆளுக்கொன்று, ஸ்கேன் ஒன்று. கடைசியில் ஒரு அட்டவணை: உறுப்பினர் பெயர், போட்ட முதல், சதவீதம், தேதி. யாராவது சேர்ந்தாலோ, விலகினாலோ, மறுபடி பணம் போட்டாலோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக அடித்து, தேதியிட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பழைய பக்கத்தைக் கிழிக்காமல் அதன் பின்னால் சேர்த்து வையுங்கள்.